வேலை முடிந்தும் ஓயாத மாலை: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

கம்ப்யூட்டரை அணைத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். சாப்பிட உட்கார்ந்திருப்போம். எதிரில் இருப்பவர் ஏதோ கேட்டிருப்பார், நாமும் "ம்" என்றிருப்போம். மனசு மட்டும் மதியம் அனுப்பிய மெயிலின் இரண்டாவது வரியில் நின்றுகொண்டிருக்கும். அப்படி எழுதியிருக்கக் கூடாதோ?

எனக்கு இது பல வருடம் நடந்தது. சூடாகக் குளி, புத்தகம் படி, தியானம் செய், போனைத் தள்ளி வை என்று யார் எதைச் சொன்னாலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குவேன். நாலாவது நாள் எல்லாம் சேர்ந்து நின்றுபோகும். மாலை கெடுவதற்குக் காரணம் ஒன்றல்ல, பல என்பது பிறகுதான் பிடிபட்டது. மனசு ஓயாதது ஒரு கோளாறு. உடம்பு இறுகிக் கிடப்பது இன்னொன்று. கண்ணை இழுத்தும் படுக்காமல் உட்கார்ந்திருப்பது முற்றிலும் வேறு. ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்குப் பலிப்பதில்லை.

அதனால் இதை வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் மாலையில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். இரண்டு மூன்று பொருந்தினால், பொழுதில் எது முதலில் வருகிறதோ அதைப் பிடியுங்கள். இரவு பதினொரு மணிக்கு வரும் கோளாறுக்கு வேர் பெரும்பாலும் மாலை ஆறு மணியில் இருக்கும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஐந்து வேலை நாட்களாவது பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

"வேலை முடிந்தது, மனசு இன்னும் அங்கேயே இருக்கிறது"

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். மனசில் சுற்றுவது பாதியில் விட்ட வேலையா, இல்லை யாரோ சொன்ன பேச்சா? இரண்டும் ஒரே மாதிரி உறுத்தும். ஆனால் சரிசெய்யும் விதம் வேறு.

பாதியில் விட்ட வேலை என்றால், அது சுற்றுவதற்குக் காரணம் உண்டு. முடித்த காரியங்களைவிட நடுவில் நிறுத்தப்பட்ட காரியங்களையே மனிதர்கள் அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-இல் எழுதினார். நமக்கு உதவும் பகுதி அதற்கு வெகுகாலம் கழித்து, 2011-இல் வந்தது. மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், முடியாத காரியம் ஒன்று மனசில் குறுக்கிடுவதை நிறுத்த அந்தக் காரியத்தை முடிக்க வேண்டியதே இல்லை, எப்போது எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே போதும் என்று சோதனைகளில் கண்டார்கள். மனசு கேட்பது "முடித்தாயா" என்று அல்ல. "மறக்க மாட்டாயே" என்றுதான்.

ஆகவே இந்தக் கோளாறை வீட்டுக்கு வந்தபின் சரிசெய்ய முயல வேண்டாம். வேலையின் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் சரிசெய்யுங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் புதிதாக எதையும் தொடாதீர்கள். ஒரு நோட்டை எடுத்து மூன்று விஷயம் எழுதுங்கள்: எங்கே நிறுத்தினேன், நாளை முதலில் கை வைக்க வேண்டியது எது, யார் யாருக்குப் பதில் பாக்கி. என் நோட்டில் ஒரு புதன்கிழமைப் பக்கம் இப்படி இருக்கிறது:

"கணக்குப் பட்டியல் மூன்றாம் பக்கம் வரை பார்த்தாச்சு, பதினேழாம் வரியில் தொகை இடிக்கிறது. நாளை காலை: பழைய ரசீதை எடுத்து அந்தப் பதினேழாம் வரியைச் சரிபார்ப்பது. அச்சகத்துக்குப் பதில் பாக்கி, 11 மணிக்குப் போன்."

அவ்வளவுதான். ஆனால் அந்த நடு வரியைக் கவனியுங்கள். "கணக்குப் பட்டியல்" என்று மட்டும் எழுதியிருந்தால் அன்று ராத்திரி அந்தப் பதினேழாம் வரி என்னோடு சாப்பிட உட்கார்ந்திருக்கும். எதை எடுத்து என்ன செய்யப்போகிறேன் என்பது வரை எழுதியதால்தான் அது நோட்டிலேயே தங்கியது. முதல் மாதம் நான் செய்த தவறு இதுதான். வேலையின் பெயரை எழுதினேன், செய்கையை எழுதவில்லை. எழுதியும் பயனில்லையே என்று நீங்கள் நினைத்தால், உங்கள் வரிகளில் வினைச்சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுதி முடித்ததும் கம்ப்யூட்டரில் திறந்திருக்கும் ஜன்னல்களையெல்லாம் மூடுங்கள். "காலையில் வசதியாக இருக்கும்" என்று ஒன்றைத் திறந்து வைப்பதுகூட வேண்டாம். மேசையில் நோட்டு மட்டும் இருக்கட்டும். கடைசியாக, தினமும் ஒரே வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். "இன்னைக்கு இவ்வளவுதான்" போன்ற எதுவும் சரி. முதல் வாரம் கூச்சமாக இருக்கும். பிறகு அந்தச் சத்தத்துக்கே தோள் இறங்கும்.

கிளம்பும் நேரத்தில் அவசர வேலை வந்து இந்தப் பதினைந்து நிமிடத்தையும் தின்றுவிட்டால், வண்டி ஏறுவதற்கு முன் நின்று இரண்டு நிமிடம் போனிலாவது அந்த மூன்றையும் எழுதுங்கள். அதுவும் விட்டுப்போனால் படுக்குமுன் எழுதலாம். 2018-இல் வெளியான ஒரு தூக்க ஆய்வில் 57 பேரைப் படுக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். பாதிப் பேர் அன்று முடித்ததை எழுதினார்கள், மீதிப் பேர் வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுத எழுத தூக்கமும் சீக்கிரம் வந்தது.

எட்டு மணிக்கு "ஒரே ஒரு தரம் மெயில் பார்த்துவிடுகிறேன்" என்கிற பழக்கம் இருந்தால் மேலே சொன்னது எதுவும் நிற்காது. அந்த நேரத்தில் பிரச்சினையைப் பார்க்கத்தான் முடியும், தீர்க்க முடியாது. உங்கள் வேலைக்குப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கால் மணி நேரம் பார்த்து, மறுபடி மூன்று விஷயத்தையும் எழுதி மூடுங்கள். படுத்துக்கொண்டு பார்க்கவே வேண்டாம்.

இனி, யாரோ சொன்ன பேச்சு சுற்றுகிற வகை. இதற்கு நோட்டு பாதிதான் உதவும். நாளை இதைப் பற்றிச் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் அதையும் ஒரு வரியாக எழுதுங்கள். இல்லையென்றால் நம்பகமான ஒருவரிடம் ஒரே ஒரு முறை, முழுசாகச் சொல்லிவிடுங்கள். ஆள் இல்லையென்றால் காகிதத்திடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அமைதியாக உட்கார முயலாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இங்கேதான் தியானத்தைத் தொடங்கித் தோற்றுப்போகிறார்கள். அசைபோடும் மனசை வெறும் அறையில் உட்கார வைத்தால் அது இன்னும் நன்றாக அசைபோடும். அதற்குக் கையும் கவனமும் சேர்ந்து கேட்கிற காரியம் வேண்டும். ஒரு வாத்தியத்தில் கடினமான பகுதி, அறுந்த பொத்தானைத் தைப்பது, செடிக்கு மண் மாற்றுவது, புது மொழியில் பத்து வார்த்தை, எதுவானாலும் சரி. சபீனா சோனென்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2007-இல், வேலைக்குப் பின் மனிதர்கள் தேறிவருவதற்கு நான்கு வழிகளைப் பிரித்துக் காட்டினார்கள். மனசை வேலையிலிருந்து விலக்குவது, தளர்வது, புதிதாக ஒன்றில் தேர்ச்சி பெறுவது, தன் நேரத்தைத் தானே தீர்மானிப்பது. ஓய்வு என்றதும் நாம் இரண்டாவதை மட்டும்தான் நினைக்கிறோம். பேச்சு சுற்றும் நாட்களில் எனக்குக் கைகொடுப்பது மூன்றாவது.

"வீட்டுக்குள் நுழைந்ததும் எரிந்து விழுகிறேன்"

முதலில் பசியா என்று பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கும் வீடு வந்து சேர்வதற்கும் ஆறேழு மணி நேரம் இடைவெளி என்றால், கிளம்பும்போதே கொஞ்சம் ஏதாவது சாப்பிடுங்கள். கோபத்துக்குப் பெரிய காரணங்களைத் தேடுவதற்கு முன் இந்தச் சின்னக் காரணத்தை விலக்கிவிட வேண்டும்.

பசி இல்லையென்றால், இடைவெளி போதவில்லை என்று அர்த்தம். நாள் முழுக்க ஆட்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறோம். கதவைத் திறந்ததும் மறுபடி ஒருவர் கேட்கிறார். கேட்பவர் மேல் தப்பே இல்லை, அவரும் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தார். வீட்டில் இருப்பவரிடம் எரிச்சல் இல்லாத ஒரு நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாதிரி, இதைப் பேசி வையுங்கள்: "வந்ததும் பத்து நிமிஷம் கொடு, முகம் கழுவி உடை மாற்றிவிட்டு நானே வந்து உட்காருகிறேன்." இரண்டாம் பாதிதான் முக்கியம். பத்து நிமிடம் கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் காணாமல் போனால் அடுத்த முறை அந்தப் பத்தும் கிடைக்காது.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு எடுபடாது. குழந்தைக்குப் பத்து நிமிடம் என்றால் என்னவென்று தெரியாது. அங்கே இடைவெளியை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடப்பது, வண்டியை நிறுத்திவிட்டு உடனே இறங்காமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பது. அந்த ஐந்து நிமிடத்தில் போனைப் பார்க்காதீர்கள். பார்த்தால் அது இடைவெளி ஆகாது, வேலையின் மிச்சம்.

"உட்கார்ந்துவிட்டேன், ஆனால் உடம்பு இறுக்கமாகவே இருக்கிறது"

இப்போதே சோதித்துப் பாருங்கள். மேல் பல்லும் கீழ் பல்லும் ஒட்டியிருக்கின்றனவா? வாய் மூடியிருந்தாலும், மெல்லாதபோது பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளி இருக்க வேண்டும். நாக்கு மேலண்ணத்தை அழுத்துகிறதா? தோள் காதுப்பக்கம் ஏறியிருக்கிறதா? கால் கட்டைவிரல் செருப்புக்குள் மடங்கியிருக்கிறதா? ஒரு மாலையில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான், ஸ்பாஞ்சை ஸ்டியரிங்கைப் பிடிப்பது போல இறுக்கிப் பிடித்திருந்ததைக் கவனித்தேன். நாள் முழுக்க அப்படித்தான் பிடித்திருக்கிறேன் போல.

இறுக்கத்தைப் பார்த்து "தளர்ந்துகொள்" என்று சொன்னால் தளராது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் நூறு வருடத்துக்கு முன்பே இதற்கு நேர் எதிர் வழியைக் காட்டினார்: முதலில் வேண்டுமென்றே இறுக்கு, பிறகு விடு. பாதத்தில் தொடங்குங்கள். ஐந்து வினாடி இறுக்கிப் பிடித்து, சட்டென்று விட்டுவிட்டு, பதினைந்து இருபது வினாடி அந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். அப்புறம் கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், கடைசியில் முகம். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. முழுப் பலத்தையும் கொடுக்க வேண்டாம், பாதி இறுக்கம் போதும். தசை பிடித்துக்கொள்ளும் இடத்தையும் வலி உள்ள இடத்தையும் விட்டுவிடுங்கள்.

நேரமில்லாத நாளில் மூச்சு மட்டும் போதும். நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. அப்படி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சை வெளியே விடும்போது இதயம் கொஞ்சம் மெதுவாகத் துடிப்பது உடம்பின் இயல்பு. வெளி மூச்சை நீட்டுவதன் மூலம் அந்த இயல்பைத்தான் பயன்படுத்திக்கொள்கிறோம். ஐந்து நிமிடம் செய்யுங்கள். தலை கிறுகிறுத்தால் மூச்சை ஆழமாக இழுக்கிறீர்கள் என்று பொருள். ஆழம் வேண்டாம், மெதுவாக இருந்தால் போதும்.

"அசதியில் சோபாவில் சாய்ந்தால் எழுந்திருக்கவே முடியவில்லை"

அசதியில் இரண்டு விதம் உண்டு. நாள் முழுக்க நின்று, தூக்கி, நடந்து வந்த அசதிக்குச் சாய்வதுதான் சரி. காலை உயர்த்தி வைத்துக்கொண்டு படுங்கள், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எட்டு மணி நேரம் நாற்காலியில் இருந்துவிட்டு வருகிற அசதி வேறு. அதில் தலைதான் களைத்திருக்கிறது, உடம்பு அசைவு கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு மறுபடி உட்காருவதைக் கொடுத்தால் அசதி கூடும். வெளியே பதினைந்து நிமிடம் நடந்து பாருங்கள். நடந்து வந்த பின்னும் கண் சொக்கினால்தான் அது உண்மையிலேயே தூக்கம் போதாத அசதி.

அப்படியே கண்ணயர்ந்துவிடுகிற பழக்கம் இருந்தால், அந்தத் தூக்கம் ராத்திரிக் கணக்கிலிருந்து கழியும் என்பதை நினைவில் வையுங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் தூக்க அழுத்தம், அதாவது தூங்கியாக வேண்டும் என்ற தேவை, சேர்ந்துகொண்டே வருகிறது. மாலை ஏழு மணிக்கு ஒரு மணி நேரம் தூங்கினால், சேர்ந்ததில் ஒரு பகுதி கரைந்துவிடும். கட்டாயம் தூங்க வேண்டுமென்றால் மதியத்தில் தூங்குங்கள், இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்து.

"போனைக் கையில் எடுத்தால் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது"

போனைத் தொடவே கூடாது என்று சபதம் எடுப்பதால் பயனில்லை. களைத்த நேரத்தில் சபதம்தான் முதலில் உடையும். போன் எந்த இடத்தை நிரப்புகிறது என்று கண்டுபிடியுங்கள். மூன்று நாள், அதைக் கையில் எடுத்த நொடியில் முன்னால் என்ன நடந்துகொண்டிருந்தது என்று மட்டும் கவனியுங்கள். எனக்கு அது எப்போதும் ஒரு காரியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவிலான இடைவெளி. சாப்பிட்டு முடித்துத் தட்டை வைத்த பின், அடுத்து என்ன என்று தெரியாத அந்த அரை நிமிடம். அடுத்தது என்ன என்பதை முன்பே முடிவு செய்து, அதைக் கண்ணில் படும்படி எடுத்து வைத்ததும் பாதி சரியாகிவிட்டது. புத்தகம் மூடியபடி அலமாரியில் இருந்தால் கை போனுக்குப் போகும். படித்த பக்கம் விரிந்தபடி நாற்காலி மேல் கிடந்தால், உட்காரவே அதை எடுத்தாக வேண்டும்.

மீதிப் பாதிக்கு இரண்டு மாற்றம் செய்யுங்கள். அடுத்தடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்வரை, நிறுத்தும் முடிவை ஒவ்வொரு முறையும் நீங்களே எடுக்க வேண்டியிருக்கும். அப்புறம், சார்ஜரைப் படுக்கை அறைக்கு வெளியே கொண்டுபோங்கள். அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம். குடும்பத்தில் யாராவது அவசரத்துக்கு அழைக்கக்கூடும் என்றால், சத்தத்தைக் கூட்டி, கட்டிலிலிருந்து எழுந்து நடந்தால்தான் எட்டும் தூரத்தில் வையுங்கள்.

திரையில் பார்ப்பது எல்லாமே கெடுதல் என்று நான் நினைக்கவில்லை. ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, முழுசாகப் பார்த்து ரசித்துவிட்டு எழுந்தால் அதுவும் நல்ல ஓய்வுதான்.

"தூக்கம் கண்ணை இழுக்கிறது, படுக்கப் போக மட்டும் மனசு வரவில்லை"

இதைச் சோம்பல் என்றோ கட்டுப்பாடு இல்லாமை என்றோ சொல்லிக்கொண்டு உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். இதற்கென்றே ஆராய்ச்சி இருக்கிறது. நெதர்லாந்தில் ஃபுளோர் குரூஸே என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2014-இல், வெளியிலிருந்து எந்தத் தடையும் இல்லாதபோதும் நினைத்த நேரத்துக்குப் படுக்கப் போகாமல் தள்ளிப்போடுவதைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார்கள். எத்தனையோ பேருக்கு இருக்கும் பழக்கம் இது.

என் அனுபவத்தில் இதற்கு அடியில் இருப்பது ஒரு நியாயமான மனக்குறை. காலையிலிருந்து நாள் முழுக்க வேறு யாருக்காகவோ போயிற்று. பத்தரை மணிக்கு வீடு அடங்கியபின் கிடைக்கும் நேரம்தான் முதன்முதலாக எனக்கே எனக்கு என்று கிடைக்கிறது. அதையும் தூக்கத்துக்குக் கொடுத்துவிட்டால், கண் திறந்ததும் மறுபடி வேலை. அப்படியிருக்க எப்படி எழுந்து போய்ப் படுக்க மனசு வரும்?

எனவே படுக்கும் நேரத்தை இறுக்கிப் பிடித்தால் இது தீராது. சொந்த நேரத்தை முன்னால் கொண்டுவர வேண்டும். வீட்டு வேலை எல்லாம் முடிந்தபின் மிஞ்சினால் எனக்கு என்று இருப்பதைத் தலைகீழாக்கிப் பாருங்கள். ஏழரையிலிருந்து எட்டு வரை எனக்கு, பாத்திரம் அதற்குப் பிறகு. அரை மணி நேரம் முடியாவிட்டால் இருபது நிமிடம். அந்த நேரத்தில் பயனுள்ளதாக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நீங்களே தேர்ந்தெடுத்ததாக இருந்தால் போதும். வேலைக்குப் பின் தேறிவர சோனென்டாக், ஃபிரிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் சொன்ன நான்கு வழிகளில் நாலாவது, தன் நேரத்தைத் தானே தீர்மானிப்பது, இதுதான்.

வீட்டில் இன்னொருவர் இருந்தால் இதைப் பங்கிட்டுப் பேசுங்கள். திங்கள், புதன் உனக்கு, செவ்வாய், வியாழன் எனக்கு என்பது போல. உங்கள் அரை மணி நேரத்துக்காக இன்னொருவரின் அரை மணி நேரம் பறிபோகக் கூடாது. தனியாளாகக் குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்பவருக்கு இந்தத் தீர்வு எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். அவர்கள் இருபது நிமிடத்தை மாலையில் தேடாமல் காலையிலோ வேலை நாளின் நடுவிலோ தேடிப் பார்க்கலாம். மதிய இடைவேளையில் சாப்பிட்ட பின் யாரிடமும் பேசாமல் இருக்கும் கால் மணி நேரம்கூட ராத்திரியின் பிடிவாதத்தைக் குறைக்கும்.

இன்னொரு சின்னத் தடங்கலையும் சரிபாருங்கள். பல் தேய்ப்பது, கதவு பூட்டுவது, உடை மாற்றுவது எல்லாம் படுக்கும் நேரத்துக்கென்று பாக்கி கிடக்கிறதா? களைத்த நேரத்தில் அந்தச் சின்ன வேலைகளே மலையாகத் தெரியும். அதைத் தவிர்க்கத்தான் சோபாவிலேயே கிடப்போம். ஒன்பது மணிக்கே அதையெல்லாம் முடித்துவிடுங்கள். பிறகு படுக்கப் போவது என்பது எழுந்து பத்து அடி நடப்பது மட்டும்தான்.

"படுத்தால் முழிப்பு வந்துவிடுகிறது"

முதல் சந்தேகம் காபி, டீ. அவற்றில் தூக்கத்தை விரட்டும் பொருள் கஃபீன். உள்ளே போன கஃபீனில் பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு இன்னும் நேரமாகும், கர்ப்பக் காலத்தில் வெகுவாக நீளும். மாலை ஐந்து மணிக் காபியில் பாதி இரவு பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது. 2013-இல் நடந்த ஒரு சோதனையில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் கொடுத்தபோதுகூடத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. அது சில கோப்பைக் காபிக்குச் சமமான பெரிய அளவுதான். ஆனாலும் "எனக்குக் காபி குடித்தாலும் தூக்கம் வரும்" என்பவர்கள் ஒரு வாரம் மதியத்தோடு நிறுத்திப் பார்ப்பது நல்லது. மதுவும் ஏமாற்றும். சீக்கிரம் தூங்கவைத்துவிட்டு, பின்னிரவுத் தூக்கத்தை உடைத்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே, உடம்பைத் தூக்கத்துக்குத் தயார்செய்யும் ஹார்மோனான மெலடோனின் சுரப்பு ஏறத் தொடங்கும். வெளிச்சம், குறிப்பாக நீல வெளிச்சம், அதை அடக்கும். இதில் போனை மட்டும் குற்றம் சொல்கிறோம், தலைக்கு மேல் எரியும் வெள்ளை விளக்கை விட்டுவிடுகிறோம். ஒன்பது மணிக்குக் கூரை விளக்கை அணைத்துவிட்டு, கண் மட்டத்துக்குக் கீழே மஞ்சள் விளக்கு ஒன்றை மட்டும் எரியவிடுங்கள். ஒரு பல்பு மாற்றும் வேலைதான்.

வெந்நீர்க் குளியல் நல்லது, ஆனால் நேரம் முக்கியம். படுக்க ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பு, 40 முதல் 42.5 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் குளித்தாலே சீக்கிரம் தூக்கம் வருகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்த ஓர் அலசல் 2019-இல் சொன்னது. சூடு கை கால்களுக்கு ரத்தத்தை இழுக்கிறது. அதன் வழியே உடம்பின் உள் சூடு வெளியேறி, உடம்பு குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சிதான் தூக்கத்தைக் கொண்டுவருகிறது. குளித்த கையோடு படுத்தால் அதற்கு நேரமில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் முழிப்பு என்றால், சீக்கிரமாகவே படுத்துவிடுகிறீர்களா என்று பாருங்கள். வழக்கமாகப் பன்னிரண்டு மணிக்குத் தூங்குபவருக்கு, அதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் விழிப்பு உச்சத்தில் இருக்கும் நேரம். "இன்றிலிருந்து பத்து மணிக்குப் படுக்கிறேன்" என்று முடிவெடுத்தவர் நேராக அதில் போய் மாட்டிக்கொள்கிறார். நாலைந்து நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம் மட்டும் முன்னால் நகர்த்துங்கள். எழும் நேரத்தையும் கூடவே நகர்த்துங்கள்.

உருண்டு புரண்டு இருபது நிமிடம் ஆகிவிட்டது போலத் தோன்றினால் எழுந்துவிடுங்கள். கடிகாரம் பார்க்க வேண்டாம், உத்தேசமே போதும். மங்கிய வெளிச்சத்தில் சலிப்பான எதையாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்புங்கள். ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-இல் முன்வைத்த முறை இது. கட்டில் என்றாலே தூக்கம் என்று உடம்பு மறுபடி பழக வேண்டும். கட்டிலில் வைத்தே கவலைப்பட்டு, மெயில் பார்த்து, சண்டை போட்டு வந்தால், கட்டில் என்றாலே முழிப்பு என்று அது பழகிவிடும்.

"வீடே ஆபீஸ். எங்கே முடிவது?"

இதற்குத் தேவை ஒரு கதவு. தனி அறை இல்லாவிட்டால் கதவைச் செய்துகொள்ளுங்கள். லேப்டாப்பைப் பைக்குள் போட்டு, பையை அலமாரிக்குள் வைத்து மூடுவது. வேலை நேரத்துக்கென்று ஒரு சட்டை, முடிந்ததும் அதைக் கழற்றிவிடுவது. வேலை முடிந்ததும் வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு, அதே வீட்டுக்கு "திரும்பி" வருவது. சாப்பாட்டு மேசையில் வேலை செய்பவர்கள், வேலைக்கு ஒரு பக்க நாற்காலியும் சாப்பாட்டுக்கு எதிர்ப்பக்க நாற்காலியும் என்று வைத்துக்கொள்ளலாம். சுவரின் வேறு பக்கத்தைப் பார்த்துச் சாப்பிடுவதே வித்தியாசமாக இருக்கும்.

"எல்லாம் தொடங்கினேன், நாலு நாளில் நின்றுவிட்டது"

பெரும்பாலும் நீளம்தான் காரணம். ஒன்றரை மணி நேர ஒழுங்கு, நல்ல நாளில் மட்டுமே நடக்கும். ஓய்வு தேவைப்படுவதோ கெட்ட நாளில். ஆகவே உங்கள் மாலைக்கு ஒரு குறைந்தபட்ச வடிவம் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது வேலை முடியும்போது எழுதும் மூன்று வரி நோட்டும், ஒன்பது மணிக்குக் கூரை விளக்கை அணைப்பதும் மட்டும்தான். காய்ச்சல் நாளிலும், ஊரிலிருந்து நள்ளிரவில் திரும்பிய நாளிலும் அந்த இரண்டும் நடந்திருக்கின்றன. மீதி எல்லாம் முடிந்தால்தான். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்காகச் செய்து ஈடுகட்ட வேண்டாம்.

"சொன்னதெல்லாம் செய்தாயிற்று, ஒன்றும் மாறவில்லை"

வேலை முடியும்போது எங்கே நிறுத்தினேன், நாளை முதலில் எது, யாருக்குப் பதில் பாக்கி என்று எழுதும் அந்த நோட்டைத் திறந்து கடைசி மூன்று வாரத்தைப் பாருங்கள். பதில் பாக்கி உள்ளவர்களின் வரிசை நாளுக்கு நாள் நீள்கிறதா? திங்கள் எழுதிய வரியே வெள்ளிவரை திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியென்றால் கோளாறு உங்கள் மாலையில் இல்லை, வேலையின் அளவில் இருக்கிறது. எந்த மூச்சுப் பயிற்சியும் அதைக் குறைக்காது. அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போங்கள். "ரொம்ப வேலை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "இந்த ஏழில் எந்த மூன்றை முதலில் முடிக்கட்டும், எதைத் தள்ளி வைக்கலாம்?" என்று பக்கத்தைக் காட்டிக் கேட்டால் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

வரிசை நீளவில்லை, ஆனாலும் வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதமாகத் தொடர்கிறது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம். அந்த நிலைக்கு, தூக்கப் பழக்கத்தையும் அதைப் பற்றிய எண்ணங்களையும் மாற்றும் பேச்சு சிகிச்சையைத்தான் மருத்துவர்கள் மாத்திரைக்கு முன்னால் பரிந்துரைக்கிறார்கள். உரத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் பகல் சொக்கலும் இருந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். பிடித்தது எதிலும் நாட்டமில்லாமல், மனசு தாழ்ந்தே இரண்டு வாரம் போயிருந்தாலும் காத்திருக்க வேண்டாம். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அன்றே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அன்றே உதவி தேடுங்கள்.

தூக்கத்துக்காக டாக்டரிடம் போகும்போது, இரண்டு வாரக் குறிப்பு கையில் இருந்தால் அவருக்கும் வேலை எளிது. அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்கலாம். படுத்த நேரம், உத்தேசமாகத் தூங்கிய நேரம், நடுவில் எத்தனை முறை விழிப்பு, எழுந்த நேரம், கடைசிக் காபி எப்போது, பகலில் தூங்கினீர்களா என்று நாளுக்கு ஒரு வரி. காலையில் எழுந்ததும் எழுதுங்கள், ராத்திரியில் வேண்டாம்.